கடலுக்குப் போகவேண்டிய வால்வு

1

கதை எழுத உட்காரவில்லை நான். கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மைசூரில் ஒரு சிறுதொழில் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. உறுப்பினர்களில் தமிழர்களும் கணிசமாக இருப்பதால் கடைசி நாலு பக்கம் தமிழுக்கு. 'கடற்படைக் கப்பல் கட்டுமானமும் உள்நாட்டுக் கொள்முதல் கொள்கையும்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். நிரப்புவது மட்டும்தான் என் வேலை.

முதல் வரி இப்படி வந்தது:

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் நாட்டுக்குக் கடற்படை என்பது

அங்கேயே நிறுத்திவிட்டேன். இதை ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அடுத்த முயற்சி:

தற்சார்பு என்பது வெறும் முழக்கமல்ல, அது ஒரு

அது ஒரு என்ன? தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் நான் மண் போடக்கூடாது. மூன்றாவதாக எழுதியது இது:

தசரா முடிந்த மறுநாள், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள், வெண்கல வால்வு ஒன்றின் கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது.

இந்த வரி மட்டும் நகர்ந்தது. பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். ஆகவே இது கதை. சங்கத்துக்காரர்கள் கோபப்படுவார்கள். அந்த நாலு பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.


2

சிவப்புக் கோட்டை முதலில் பார்த்தவள் சொர்ணலதா.

அவளுக்கு ஒரு கண்ணீர்க் கதை வைத்திருந்தேன். கௌதள்ளி கிராமத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு மைசூர் வந்த அப்பா அம்மா, சிமெண்டு மூட்டைக்கு நடுவில் தூங்கிய குழந்தை, (இன்னும் நாலு வரி இருந்தது, அடித்துவிட்டேன்.) வந்தது உண்மை, சிமெண்டு மூட்டையும் உண்மை. ஆனால் கல் சுமந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். சுமக்கிறவர்கள் சுமையைப் பற்றிப் பேசுவதில்லை. மத்தியானம் என்ன குழம்பு என்றுதான் பேசுவார்கள்.

கடலையே பார்க்காதவள் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும் என்றும் ஓர் ஆசை வந்தது. பார்த்திருக்கிறாள், திருச்செந்தூரில். கரையில் விட்ட செருப்பு காணாமல் போனதுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

சொர்ணலதா ஐ.டி.ஐ. படித்தவள். ஒரு பெரிய தொழிற்சாலையில் கிரைண்டர் பிடித்தாள், ஒப்பந்தக் கூலியாக. ஒப்பந்தம் ஒருநாள் நின்றது. அங்கேயே என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற சுதர்ஷன், இந்தக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, லேத்து ரெண்டைப் போட்டு, அவளைக் கூப்பிட்டார். இன்றைக்கு அவள்தான் கொட்டகைக்கு சூப்பர்வைசர். கீழே அஞ்சு பேர்.

சுதர்ஷனை முதல் வரைவில் வில்லனாக்கிவிட்டேன். முதலாளி என்றாலே கை அப்படி எழுதிப் பழகிவிட்டது. அப்புறம் யோசித்தால், மனிதர் வீட்டில் உட்கார்ந்து பென்ஷனில் காபி குடித்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை மேல்கோட்டை வைரமுடி உற்சவத்துக்குப் போய்வந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். இந்தச் சூட்டில் தகரத்துக்குக் கீழே நிற்கவேண்டிய தலையெழுத்து அவருக்கு இல்லை. அதனால் வில்லன் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன்.

[சுதர்ஷன் வீட்டில் பேசுவது மேல்கோட்டைக் குடும்பங்களின் பழைய தமிழ். எனக்கு அந்தக் காது கிடையாது. பொய்யாக எழுதுவதைவிட, பட்டறையில் அவர் பேசுகிற கலப்படத் தமிழையே கொடுத்திருக்கிறேன்.]

அவர் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இந்த வால்வு தேறினால் பட்டறை நிலைக்கும். தேறாவிட்டால் தீபாவளியோடு கொட்டகையை ஒரு கொரியர் கம்பெனிக்குக் குடோனாக உள்வாடகைக்குக் கொடுத்துவிடுவார். பேச்சு முடிந்துவிட்டது, பாக்கி கையெழுத்துதான்.

நாற்பதைத் தாண்டிய பெண்ணைக் கிரைண்டர் பிடிக்க இனி எந்தத் தொழிற்சாலையும் கூப்பிடாது. ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ரூபா ஏற்கெனவே விசாரித்துவைத்திருந்தாள். நீலப் புடவை, துடைப்பம், ஏசி. ரூபா நல்லதற்குத்தான் சொன்னாள். சொர்ணலதாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.


3

கொள்கையைப் பற்றி இப்போது கொஞ்சம் சொல்லியாகவேண்டும். கொள்கை இல்லாவிட்டால் வால்வும் இல்லை, கதையும் இல்லை.

போர்க்கப்பல் என்றால் நமக்குப் பீரங்கியும் கொடியும்தான் கண்ணுக்குத் தெரியும். கப்பலின் வயிற்றில் இருப்பதோ குழாய், கேபிள், ரப்பர் வளையம், கதவுக் கீல், வால்வு. எஞ்சினைக் குளிர்விக்கவும் தீயை அணைக்கவும் கடல் தண்ணீரை உள்ளே எடுக்கிற இடத்தில் ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும். அதற்கு இந்தப் பக்கம் மாலுமி தூங்குகிறான், அந்தப் பக்கம் கடல். நடுவில் இருப்பது விரல் தடிமன் வெண்கலம்.

இப்படிப்பட்ட சாமான்கள் பல காலம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. அரசாங்கம் பட்டியல் போட்டது. இன்ன தேதிக்குப் பிறகு இதை இதை வெளியே வாங்கமாட்டோம், உள்ளூரிலேயே செய்யுங்கள் என்றது. நல்ல காரியம். பட்டியலை வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் திட்டவும் செய்யலாம், திட்டுவது சுலபம். ஆனால் பட்டியல் வருவதற்கு முன்னால் சுதர்ஷனின் கொட்டகைக் கதவை யாரும் தட்டியதே இல்லை. அதை மறைத்துவிட்டுத் திட்டினால் அது நேர்மை இல்லை.

தட்டிய கப்பல் கட்டும் தளத்துக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, கப்பலுக்கு முன்பு கொடுத்த அனுபவம் உண்டா என்பது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். சிறிய பட்டறைகளுக்கு இந்த விஷயத்தில் தளர்வு உண்டு. எப்படித் தளர்வு? உங்கள் செலவில் ஒன்று செய்யுங்கள், சோதித்துப் பார்க்கிறோம், தேறினால் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம், வாங்குவோம் என்று மட்டும் இப்போது வாக்குக் கொடுக்கமுடியாது. பெண் பார்க்க வருகிறோம், சொஜ்ஜி பஜ்ஜி உங்கள் செலவு, பிடித்தாலும் கல்யாணத்துக்கு உத்தரவாதம் இல்லை.

எத்தனையோ பேர் இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுதர்ஷன் போகவில்லை. சொர்ணலதா போகவிடவில்லை என்றும் எழுதலாம். கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வெண்கலத்தை வார்க்கச் சொல்லி, வந்த வார்ப்பை இங்கே கடைந்து, துளையிட்டு, தேய்த்து, ஒரே ஒரு மாதிரி வால்வு தயாரானபோது தசரா வந்துவிட்டது.

(இந்தப் பகுதி நீண்டுவிட்டது. கட்டுரைக்காரன் இன்னும் முழுதாகச் சாகவில்லை.)


4

ஆயுத பூஜையன்று மைசூரில் சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு உண்டு. கொட்டகையைக் கழுவி, லேத்துக்கு வாழைக்கன்று கட்டி, கிரைண்டருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். கூட்டிப் பெருக்குவதிலிருந்து பெட்டி கட்டுவதுவரை எல்லாம் பார்க்கிற மல்லம்மாவிடம்தான் விபூதித் தட்டும் குங்குமக் கிண்ணமும். வால்வு ஓரமாக மேசைமேல் இருந்தது. அதுக்கும் வைக்கட்டுமா அக்கா என்று கேட்டிருக்கிறாள். சாமி கும்பிடாமலா சமுத்திரத்துக்கு அனுப்புவது, நல்லாவே வை என்று சொர்ணலதாதான் சொன்னது.

மல்லம்மா நல்லாவே வைத்தாள். எண்ணெயில் குழைத்த குங்குமத்தை வால்வின் வாயைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோல.

தசரா ஊர்வலம் முடிந்த மறுநாள் கடற்படையின் தர ஆய்வுப் பிரிவிலிருந்து சோதனைக்கு வந்தது ஷ்ரேயா என்கிற இளம் பெண். தாத்தா ரயில்வேயில் வேலைக்கு வந்தவர், வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் ரெண்டு வாக்கியத்துக்குமேல் கன்னடத்துக்கு வழுக்கிவிடுவாள். வழியெல்லாம் இன்னும் பந்தல் பிரிக்கிறார்கள், அரை மணி நேரம் நின்றே வந்தேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொர்ணலதாவை ஆன்ட்டி என்றாள். அது சொர்ணலதாவுக்குப் பிடிக்கவில்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை.

சோதனை எளிமையானது. வால்வைத் துடைத்துவிட்டு மேலே சிவப்பு மருந்து அடிப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை மருந்து அடிப்பார்கள். எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தால், அதற்குள் புகுந்த சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே வரும். வெடிப்பு இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே காயும்.

கழுத்தில் சிவப்பு வந்தது. பிறை மாதிரி வளைந்த ஒரு கோடு.

சுதர்ஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்கவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. அப்போதுதான் துடைப்பத்தோடு வந்த மல்லம்மா எட்டிப்பார்த்துவிட்டு, வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"அது நான் வெச்ச குங்குமா மேடம். கொஞ்ச ஜாஸ்தி ஆயித்து."

கொட்டகையே சிரித்தது. ஷ்ரேயாவுக்குக்கூட அடக்கமுடியவில்லை. லேத்தில் நிற்கிற கிரண், இனிமேல் மேடம் வரும்போது வால்வுக்கு வளையலும் போட்டு வையுங்க என்றான். சிரிப்பில் எல்லார் தோளும் இறங்கியது. குங்குமம் மூலையில் ஒட்டியிருக்கும், நன்றாகக் கழுவி இன்னொருமுறை பார்க்கலாம் என்றாள் ஷ்ரேயா.

சொர்ணலதாவே கழுவினாள். கழுவும் மருந்தில் நனைத்த துணி முதலில் சிவந்தது, பிறகு இளஞ்சிவப்பானது, பிறகு வெள்ளையாகவே வந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை.

அதே இடத்தில், அதே பிறை. கொஞ்சம் மெலிந்து.


5

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்தேன். அதில் சாமுண்டி மலையிலிருந்து அம்மனே குங்குமமாக வந்து வெடிப்பைக் காட்டிக் கொடுத்தாள் என்று இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குங்குமம் இல்லாவிட்டாலும் சிவப்பு மருந்து அந்த வெடிப்பைக் காட்டியிருக்கும். குங்குமம் கொடுத்தது வேறொன்று. ஒரு சாக்கு.

சாக்கு கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சுதர்ஷன் அதை எடுத்தார். இன்னும் உள்ளே ஒட்டியிருக்கும், மூலை அப்படி, எண்ணெய்க் குங்குமம் லேசில் போகாது என்றார். குரலில் பாதிதான் இருந்தது. ஷ்ரேயா பேனாவைத் திறந்து மூடினாள். அவளுக்கும் இந்தப் பட்டறை தேறவேண்டும். போன இடமெல்லாம் இல்லை இல்லை என்று எழுதி எழுதி அவளுக்கே அலுத்துவிட்டது.

"நீங்க எல்லாரும் குங்குமான்னு சொன்னா, நான் அப்படியே பரெதுபிடுத்தீனி... எழுதிடறேன்" என்றாள்.

இதில் யாரும் முட்டாள் இல்லை. குங்குமம் மேலே ஒட்டினால் துணியோடு வந்துவிடும். துணி வெள்ளையான பிறகும் உள்ளே தங்குகிறதென்றால், தங்குவதற்கு உள்ளே இடம் இருக்கிறது. என்ஜினியருக்கு அது தெரியும், பரிசோதிக்க வந்த பெண்ணுக்குத் தெரியும், பத்தொன்பது வயதிலிருந்து உலோகத்தைத் தேய்க்கிற சொர்ணலதாவுக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்ததை யார் முதலில் வாய்விட்டுச் சொல்வது என்பதுதான் பாக்கி.

சொர்ணலதாவுக்குள் என்ன ஓடியது? நான் வசதியாக எதையாவது எழுதிவிடலாம். நாட்டுப்பற்று என்று எழுதலாம். முகம் தெரியாத மாலுமியின் தாயை நினைத்தாள் என்று எழுதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு நீலப் புடவைதான் முதலில் வந்திருக்கும். கிரணுக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்பது அடுத்து. அதற்கும் பிறகு, தன் மேசையிலிருந்து போகிற ஒரு சாமானில் வெடிப்பு இருப்பது தெரிந்தே பெட்டி கட்டினால் கை எப்படி இருக்கும் என்பது. கை என்றுதான் நினைத்திருப்பாள். மனசாட்சி என்பது என் மாதிரி எழுதுகிறவர்களின் சொல்.


6

முடிவுகள் மூன்று எழுதிப்பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஷ்ரேயா குங்குமம் என்று எழுதுகிறாள். பட்டறைக்கு ஆர்டர் வருகிறது, கப்பல் கடலில் இறங்குகிறது, தேங்காய் உடைக்கிறார்கள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருட்டில் அந்த வெண்கலம்

இதற்குமேல் எழுத முடியவில்லை. எழுதாமல் விட்டதை நீங்களே நினைத்துப்பார்க்கலாம், அல்லது நினைக்காமல் விடலாம். கொள்கை ஜெயித்தது என்று சொல்வதற்காக ஒரு வெடிப்பை மூடுவது கொள்கைக்கே செய்கிற துரோகம். உள்ளூர்ச் சரக்கு என்றால் ஒரு மாற்று குறைவாகத்தான் இருக்கும் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு நாமே சாட்சி சொல்லி அனுப்புகிற மாதிரி.

இரண்டாம் முடிவில் அவள் சொல்கிறாள், வால்வு தோற்கிறது, கொட்டகையில் கொரியர் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. இப்படி நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். தொழிற்பேட்டையை ஒருமுறை சுற்றி வந்தால் இப்படி முடிந்த கொட்டகைகளின் தகரக் கதவுகளைப் பார்க்கலாம். ஆனால் கஷ்டப்பட்டவர்கள் தோற்றால்தான் கதை உண்மையாக இருக்கும் என்கிற ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதுவும் ஒரு சோம்பேறித்தனம்தான். அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம், வேலை மிச்சம்.

மூன்றாவது, அவள் செய்தது.


7

"குங்குமம் இல்லீங்க மேடம்" என்றாள் சொர்ணலதா. "குங்குமம் போறதுக்கு உள்ள வழி இருக்குது. வார்ப்புலயே வந்திருக்கோணும்."

சுதர்ஷன் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ் கூட்டத்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு முகம். சொர்ணா, சும்மா இரேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். அவர் சொல்லாமல் விட்டதை இந்தக் கதையில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஷ்ரேயா பேனாவைப் பைக்குள் வைத்தாள். தேய்த்து எடுக்க விதியில் இடம் இருக்கிறது என்றாள். தடிமன் எல்லைக்குக் கீழே போகாமல் வெடிப்பு போய்விட்டால் வால்வு செல்லும். எல்லைக்குப் பிறகும் சிவப்பு வந்தால் அவளால் ஒன்றும் செய்யமுடியாது. இதையெல்லாம் சட்டம் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். கடைசியில் குரல் வீட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டது.

"நிதானமா தேயுங்க ஆன்ட்டி. நான் எங்கியும் போகல்ல."

இந்தமுறை ஆன்ட்டி உறுத்தவில்லை.

கிரண் தான் பிடிப்பதாகச் சொன்னான். வேண்டாமென்று தலையசைத்து, சொர்ணலதா கை கிரைண்டரை எடுத்தாள். அதில் சாமந்தி மாலை இன்னும் கிடந்தது. கழற்றி மல்லம்மாவிடம் கொடுத்தாள். மல்லம்மா அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நின்றாள், யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்சம் தேய்ப்பது, நிறுத்துவது, ஷ்ரேயா கருவியை வைத்துத் தடிமன் பார்ப்பது, கழுவுவது, சிவப்பு, துடைப்பது, வெள்ளை. பிறை பாதியானது. மறுபடி. பிறை நகக்கீறலானது. தடிமன் இன்னும் இருக்கிறது, அதிகம் இல்லை. மறுபடி. ஷ்ரேயா கருவியை வைத்துப் பார்த்து, இதுதான் கடைசி, இதற்குமேல் தேய்க்கக்கூடாது என்றாள். சொர்ணலதா கிரைண்டரை அணைத்தாள். கழுவினார்கள், சிவப்பு அடித்தார்கள், காத்திருந்து துடைத்தார்கள். வெள்ளை அடித்தார்கள்.

வெள்ளை காய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. எல்லாரும் வால்வைச் சுற்றி, பிரசவ வார்டு வராந்தாவில் நிற்கிற மாதிரி நின்றார்கள். சொர்ணலதா மட்டும் அதைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சுதர்ஷனிடம் போனாள்.

"ஃபவுண்டரிக்குப் போன் போடுங்க சார்."

"முதல்ல இது என்ன ஆகுதுன்னு பாக்கலாம், சொர்ணா."

"தேறுனா ஆர்டருக்கு வார்ப்பு வேணும். தேறாட்டி இதுக்குப் பதில் வார்ப்பு வேணும். எப்படியும் வேணுங்கறதுக்கு எதுக்கு சார் காத்திருக்கோணும்?" பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில்: "கழுத்துகிட்ட எங்க வெடிக்குதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அந்த இடத்துல கொஞ்சம் கனமா ஊத்தச் சொல்லுங்க."

சுதர்ஷன் மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார். எடுத்து எண்ணைப் போட்டால், தோற்றாலும் கொட்டகையைக் கொரியர்காரனுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த அஞ்சு பேருக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கோவைக்குப் போட்டார்.

(கொள்கையைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்லத் தெரியுமென்றால், அது இந்தப் போன்தான். பட்டியல் டெல்லியில் போடப்படுகிறது. அது நிஜமாவது இப்படி ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை அழுத்தும்போது.)

ஃபவுண்டரியில் சத்தம். சுதர்ஷன் பலமாகப் பேசவேண்டியிருந்தது. கழுத்தில் கனம் கூட்டவேண்டும், வரைபடத்தைத் திருத்தி அனுப்புகிறேன், ஆமாம், அதே வெண்கலம்தான். அந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை வார்க்கட்டும் என்று கேட்டார்கள்.

சுதர்ஷன் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். அந்த நேரத்துக்குள் வெள்ளை காய்ந்திருந்தது. ஷ்ரேயா குனிந்து வால்வின் கழுத்தைப் பார்த்தாள், பக்கத்தில் சொர்ணலதாவும் குனிந்து பார்த்தாள். எத்தனை என்று சுதர்ஷன் கண்ணால் கேட்டார்.

சொர்ணலதா நிமிர்ந்து கையைத் தூக்கி விரலைக் காட்டினாள்.

எத்தனை விரல் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு விரல் என்றால் வெள்ளையில் மறுபடி சிவப்பு வந்துவிட்டது, இதற்குப் பதில் ஒன்று வார்த்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒன்றுக்கு மேல் என்றால் வெள்ளை வெள்ளையாகவே காய்ந்திருக்கிறது. கை தூக்கியபடியேதான் இருக்கிறது, கோவையில் லைனில் காத்திருக்கிறார்கள். எண்ணிச் சொல்லவேண்டியது நீங்கள்.